கரட்டுப் பொடவு வழக்கு

எருமப்பட்டிக்குக் கிழக்கே இரண்டு மைல் போனால் ஒரு கரடு வரும். மலை என்று சொல்லப் போதாது, பாறை என்று சொன்னால் மிஞ்சும். ஆடு மேய நாலு கொத்துப் புல், நிழலுக்கு நாலு உசிலை மரம், இவ்வளவுதான் அதன் சொத்து. அந்தக் கரட்டின் தெற்குச் சரிவில், ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதத்தில், அந்த ஓட்டை என்ன ரகம் என்று தீர்மானிப்பதற்காக முன்சீப் கோர்ட்டு ஒரு கமிஷன் போட்டு அனுப்பியது.

கமிஷன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வக்கீல், அவருடைய குடை, அவருடைய வெற்றிலைச் செல்லம், அவருடைய குமாஸ்தா ஞானதாஸ். இந்த நாலும் சேர்ந்ததுதான் கமிஷன். இதில் வேலை செய்தது கடைசியாகச் சொன்னவன் ஒருவன்தான். ஞானதாஸ் சேலம் டவுன்காரன். முப்பத்திரண்டு வயது, ஊதினால் பறக்கிற உடம்பு, முத்து முத்தான கையெழுத்து. ஒரு பொருளுக்கு ஒரு பேர் இருக்க வேண்டும், அந்தப் பேரை ஒரு தரம் எழுதினால் அப்புறம் மாற்றக் கூடாது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு அன்றைக்கு நல்ல சோதனை காத்திருந்தது.

வழக்கு இதுதான். மருதாசலம், ராசப்பன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பன் செத்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். காடு, தோட்டம், மாடு எல்லாம் பிரித்தாகிவிட்டது. கரட்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. அதை யார் அளப்பது, அளந்துதான் என்ன கிடைக்கப்போகிறது? அந்தக் குடும்பத்தில் இதற்கென்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. அதையே பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். கரட்டில் மனுஷர் கைபட்டு உண்டானதும் இனிமேல் உண்டாகிறதும் மூத்தவனுக்கு. தானாய் உண்டானதும் உண்டாகிறதும் இளையவனுக்கு. அதன்படி பழைய கல்வெட்டாங்குழியும், மாட்டுத் தொட்டியும், சோளம் கொட்டிவைக்கிற குழிகளும் மருதாசலத்துக்குப் போயின. மரம், புல், பாறை, பாம்பு எல்லாம் ராசப்பனுக்கு. ஓட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது ஒரு ஆஸ்தி என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ராசப்பன் மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி சென்னியம்மாள், இரண்டு பெண் குழந்தைகளோடும் மூன்று ஏக்கர் காட்டோடும் நின்றாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் மழை இல்லை. ஊர்க் கிணறுகளெல்லாம் அடி தட்டிவிட்டன. சென்னியம்மாள் மட்டும் தினமும் ஒரு சின்னக் குடத்தோடு அந்த ஓட்டைக்குள் நுழைந்து நிறை குடத்தோடு வெளியே வந்தாள். உள்ளே தண்ணீர் இருக்கிறது, அதுவும் வற்றாத தண்ணீர் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மருதாசலம் ஓட்டை வாயில் முள்ளைப் போட்டு அடைத்தார். வாயை உடைத்து அகலமாக்கி ஆயில் இஞ்சின் வைக்கப்போகிறேன், இது என் பாட்டன் வெட்டியது, எனக்குச் சேர வேண்டியது என்றார். சென்னியம்மாள் கோர்ட்டுக்குப் போனாள். முள் தற்காலிகமாக எடுக்கப்பட்டது. தண்ணீர் கைவிட்டுப் போனால் அவள் காட்டை விட்டுவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள் என்று கேட்க ஆள் இல்லை. ஓட்டை கைபட்டதா, தானாய் வந்ததா? கோர்ட்டுக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

உசிலை நிழலில் கட்டில் போட்டு வக்கீல் உட்கார்ந்தார். ஞானதாஸ் கீழே பாயில், மடியில் பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் சாட்சி ஆடு மேய்க்கிற செல்லமுத்து.

"இந்த இடத்துக்கு என்ன பேரப்பா?" என்று வக்கீல் கேட்டார்.

"பொடவுங்க."

ஞானதாஸ் ‘பொடவு’ என்று எழுதினான். இந்தப் பக்கத்தில் பாறை இடுக்கில் தானாக விழுந்த குகைக்குப் பொடவு என்று பேர். சரி, தானாய் உண்டானது. ஒரு சாட்சி முடிந்தது என்று மை ஒற்றப் போனான்.

"வாய்ப்பக்கம் பொடவுங்க," என்றான் செல்லமுத்து. "கொஞ்சம் உள்ள போனா வங்குங்க. எலி வங்கு மாதிரி ஒடுங்கிப் போயிருமுங்க. ஆடு உள்ள போனா திரும்பி வராது."

"வங்கு என்றால் எலி தோண்டினதா? பாறையை எலி தோண்டுமா?"

"எலி எங்கீங்க தோண்டுது? பேரு அப்படிங்க."

ஞானதாஸ் பொடவுக்குப் பக்கத்தில் ‘வங்கு’ என்றும் எழுதினான். கை கொஞ்சம் தயங்கியது.

அடுத்து வந்தவள் பழனியம்மாள். பக்கத்துக் காட்டுக்காரி, வாய் ஓயாதவள். அவள் அதை முனியறை என்றாள். "உள்ள முனி இருக்குதுங்க. நா என்ற காதால கேட்டனுங்க. மத்தியானத்துல டொக்கு டொக்குனு இடிக்குமுங்க. ஒரு நா ரெண்டு நா இல்லீங்க, பல வருசம். இப்பத்தான் கொஞ்ச காலமா இடிக்கறதில்ல."

"முனி ஏன் நிறுத்திவிட்டது?"

"அதுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. ஆரு கண்டா?"

வக்கீல் சிரித்தார். ஞானதாஸ் சிரிக்கவில்லை. ‘முனியறை’ என்று எழுதிவிட்டு, முனி கட்டியிருந்தால் அது கைபட்ட கணக்கா, தானாய் வந்த கணக்கா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

பழைய மணியக்காரர் சின்னண்ணன் மூன்றாவது. கிராமக் கணக்கில் எத்தனையோ தரம் கையெழுத்துப் போட்ட ஆள். அவர் குகை என்றார். கேட்டதும் ஞானதாஸுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் மருதாசலத்தின் வக்கீல் கொடுத்தனுப்பியிருந்த ஒரு பழைய காகிதத்தில், பத்து வருஷத்துக்கு முந்தி இதே மணியக்காரர் இதே இடத்தைச் சுரங்கம் என்று எழுதியிருந்தார்.

"சுரங்கம் என்றால் தோண்டினதல்லவா? அப்போ சுரங்கம், இப்போ குகையா?"

மணியக்காரர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "அப்ப அந்த வார்த்தை கைக்கு வந்துதுங்க. இப்ப இது வருது. எடம் அங்கயேதானுங்க இருக்குது!"

ஞானதாஸ் பேனாவைக் கீழே வைத்தான். அவனுடைய பங்குக் கோயிலில் இப்படி ஒரு இடத்துக்குக் கெபி என்று சொல்வார்கள். மாதா நிற்கிற கெபி. சிமெண்டும் கல்லும் வைத்து மேஸ்திரி கட்டியதுதான், ஆனாலும் அதைப் பார்க்கிற எவரும் அது கட்டியது என்று நினைப்பதில்லை. ஒரு வேளை இதுவும் அந்த மாதிரி ஏதாவது இருக்குமோ? "இதை எங்கள் பக்கம் கெபி என்போம்," என்று வக்கீலிடம் சொல்லிப் பார்த்தான்.

"உம்முடைய பக்கத்தை யார் கேட்டது? இருக்கிற பேரே போதும்," என்றார் வக்கீல்.

மருதாசலம் வந்து உட்கார்ந்தபோது பாய் நிறைந்துவிட்டது. அப்படிப்பட்ட உடம்பு. ஊரில் மரியாதை உள்ளவர், குரலில் எப்போதும் கொஞ்சம் அதட்டல். "நெலவறைங்க அது. எங்கப்பாரு, எங்கப்பனைப் பெத்தவரு வெட்டுனது. அந்தக் காலத்துல களவாணிக பயத்துக்குத் தானியத்தை உள்ள வெக்கறதுக்கு வெட்டுனாரு. எங்க குடும்பத்துல அல்லாருக்கும் தெரியும்."

"நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?"

மருதாசலம் தன் வயிற்றை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "எனக்கெதுக்குங்க? பாட்டன் சொத்துன்னு தெரியாதா?"

பொடவு, வங்கு, முனியறை, குகை, சுரங்கம், நெலவறை. ஒரே ஓட்டைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆறு பேர் சேர்ந்துவிட்டது. பாதி பேர் தானாய் வந்தது என்கிறது, பாதி பேர் தோண்டினது என்கிறது, முனி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஞானதாஸுக்கு மண்டை காய்ந்துவிட்டது. வக்கீல் வெற்றிலையை மடித்தபடி, "பேசாமல் நீர் உள்ளே போய்ப் பார்த்து வாரும். எனக்கு மூச்சு வாங்கும். வந்து ஒரே வார்த்தை சொல்லும், போதும். உம்முடைய வார்த்தையைத்தான் நான் எழுதப்போகிறேன்," என்றார்.

ஒரே வார்த்தை. ஞானதாஸ் எழுதிவைத்த ஆறு பேரையும் இன்னொரு தரம் பார்த்தான்.

அவன் சட்டையைக் கழற்றிப் பாயில் வைத்துவிட்டு, சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அரிக்கன் விளக்கோடு நுழைந்தான். வாய் தானாய் வந்ததுதான், சந்தேகமே இல்லை. இரண்டு பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்ததில் விழுந்த இடைவெளி. கல் வழவழவென்று இருந்தது, வௌவால் நாற்றம் அடித்தது. தானாய் உண்டானது என்று மனசுக்குள் எழுதிக்கொண்டான். பத்தடி போனதும் வழி வலது பக்கம் திரும்பியது. திரும்பியதும் ஒடுங்கியது. அவன் மண்டியிட்டு, அப்புறம் நெஞ்சை வைத்துத் தவழ்ந்தான்.

அந்த ஒடுக்கத்தில்தான் கல்லின் நிறம் மாறியது. கறுப்புப் பாறைக்கு நடுவில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக்கல் ஒரு முழ அகலத்துக்குப் பட்டையாக ஓடியது. வெள்ளை வெளேரென்று, விளக்கில் மினுங்கியது. அந்த வெள்ளைப் பட்டையைப் பிடித்துக்கொண்டே வழி உள்ளே இறங்கியது. சுவரில் கை வைத்தான். சொரசொரவென்று இருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனான். உளித் தடம். ஒன்றல்ல, பத்தல்ல, ஆயிரம். மேலே, கீழே, பக்கவாட்டில், விரல் நீளத்துக்கு ஒவ்வொன்று. மேல் பாறையில் விளக்குப் புகை கறுப்பாகப் படிந்திருந்தது.

அப்போது மருதாசலம் சொன்னதுதான் சரியா? ஞானதாஸ் அங்கேயே படுத்துக்கிடந்து யோசித்தான். வெட்டியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டன் காலத்து வெட்டு என்றால் தடம் மழுங்கியிருக்க வேண்டாமா? இது நேற்று வெட்டின மாதிரி கூராக நின்றது. தானியம் வைக்க நிலவறை வெட்டுகிறவன் அகலமாகத்தானே வெட்டுவான்? இதில் ஒரு சோள மூட்டையை நுழைக்க முடியுமா? அவனே நுழைய முடியாமல் திணறுகிறானே. போதாததற்குத் தடங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. உளி பிடிப்பது போலவும் சுத்தியால் அடிப்பது போலவும் கையை வைத்துப் பார்த்தான். வலது கைக்கு எந்தத் தடமும் பொருந்தவில்லை. கையை மாற்றி இடது கையால் அடிப்பதுபோல் வைத்தான். அத்தனையும் பொருந்தியது. அதுவும் ஏன் என்று விளங்கவில்லை.

இறங்கிப் போனால் வழி ஒரு கறுத்த தண்ணீரில் முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் மேலே கூரையாகப் பாறை, கீழே ஆழம். அது யார் கையும் படாத இடம். தண்ணீர் சத்தமே போடாமல் நிரம்பி நின்றது. அவன் ஒரு கை அள்ளிக் குடித்தான். பல் கூசியது.

ஆக, வாய் தானாய் வந்தது, நடு வெட்டியது, கடை தானாய் வந்தது. இதற்கு ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். ஆறு பேரும் கொஞ்சம் கொஞ்சம் நிஜம், எந்தப் பேரும் முழுசாக நிஜமில்லை. உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாமல், வெட்டின நீளத்தைக் கையால் முழம் போட்டுக்கொண்டே, காலைப் பின்னால் தள்ளித் தள்ளி வந்தான்.

வெளியே வந்ததும் கண் கூசியது. சரிவின் கீழே சென்னியம்மாளுடைய காடு தெரிந்தது. ஊரில் மற்றவர்கள் வரப்பெல்லாம் செம்மண். அவள் காட்டு வரப்பு மட்டும் நாலு பக்கமும் வெள்ளைச் சல்லி. ஞானதாஸ் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அணைக்கவும் மறந்து, அந்த வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ ஒன்று கிட்டே வருவதும் நழுவுவதுமாக இருந்தது.

"என்னய்யா, ஆச்சா? குகையா, அறையா?" என்றார் வக்கீல்.

"அந்தம்மா வாக்குமூலத்தையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன் சார்."

சென்னியம்மாள் வந்தாள். வெள்ளைச் சேலை, முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தும் தோளும் சுமை தூக்கித் தூக்கி இறுகியிருந்தன. பாயில் உட்காராமல் மண்ணில் உட்கார்ந்தாள். மருதாசலம் புருஷனின் அண்ணன், அவளுக்கு மூத்தார் என்பதால் அவர் பக்கம் முகம் திருப்பாமல், ஞானதாஸைப் பார்த்துப் பேசினாள். சாமி சாட்சியாக நிஜம் சொல்வதாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

"அந்த இடத்துக்கு என்ன பேரம்மா?"

"பேரு வெக்கலீங்க."

"நீ எப்படிச் சொல்லுவாய்?"

"‘உள்ள’ம்பனுங்க. எங்கூட்டுக்காரரும் ‘உள்ள போயிட்டு வாரே’ம்பாரு. அவ்வளவுதானுங்க."

‘உள்ளே’ என்று எழுத ஞானதாஸுக்குக் கை வரவில்லை. ஏழாவது பேர் இது. இதற்கு எந்தப் பக்கமும் இல்லை.

"உள்ளே கைவேலை ஏதாவது உண்டா? யாராவது வெட்டினார்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. சாமி குடுத்ததுங்க."

"உன் புருஷன் உள்ளே போவான் என்கிறாயே. எதற்குப் போவான்?"

அவள் பதில் சொல்வதற்குள் மருதாசலம் குறுக்கே விழுந்தார். "எதுக்குப் போவான்? தூங்கறதுக்குத்தானுங்க! பத்து வருசம் அதே பொழப்பு. அல்லாரும் ஏரோட்டறப்போ இவன் பெருச்சாளி மாதிரி உள்ள போயிப் படுத்துக்குவான். எந்தம்பிதான், சொல்றதுக்கு எனக்கே வெக்கமா இருக்குது. ஒரு வேலை உருப்படியாச் செய்யத் தெரியுமா? சோத்தையே நொட்டாங்கையில திங்கறவனுங்க. எங்கப்பன் எத்தன அடி அடிச்சும் அந்தக் கை மாறுல."

ஞானதாஸின் பேனா நின்றது.

நொட்டாங்கை. இடது கை. அவன் தலைக்குள் காலையிலிருந்து தனித்தனியாக மிதந்துகொண்டிருந்ததெல்லாம் ஒன்றோடொன்று வந்து முட்டின. மத்தியானத்தில் இடித்த முனி. இடித்து நிறுத்திய முனி. ஒரு ஒல்லி ஆள் மட்டும் நுழைகிற வழி. வெள்ளை வரப்பு. அவன் வெட்டியிருக்கிறான், இவள் சல்லியைக் கூடையில் சுமந்து, மேலே புல்லோ சாணியோ போட்டு மூடிக் கொண்டுபோய்த் தன் காட்டில் கொட்டியிருக்கிறாள். பத்து வருஷம். வெங்கச்சங்கல்லின் பின்னால் தண்ணீர் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ! சொன்னால் ஊர் சிரிக்கும் என்று சொல்லாமலே வெட்டியிருக்கிறான். பாகம் எழுதின அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த மனுஷன் மேல் ஞானதாஸுக்குக் கோபம் கோபமாக வந்தது.

இப்போது அவனுக்கு இன்னும் அதிகமாகக் குழம்பியது. உள்ளே இருப்பது ராசப்பன் வெட்டியது என்று இவள் சொன்னால், ஊர் முழுக்க சோம்பேறி என்று பேர் வாங்கின புருஷனுக்கு இன்றைக்கே மானம் திரும்பிவிடும். மருதாசலம் வாயடைத்துப் போவார். ஆனால் கைபட்டது கைபட்டதுதான். யார் கை என்று பத்திரம் கேட்கவில்லை, எப்போது என்றும் கேட்கவில்லை. தண்ணீர் மூத்தவனுக்குப் போய்விடும். வெட்டினவன் பெண்டாட்டிக்கே ஒரு குடம் கிடைக்காது. இது என்ன நியாயம் என்று அவனுக்குப் புரியவில்லை. பத்திரத்தை எழுதினவர்களுக்கும் புரிந்திருக்காது.

"நீ சொல்லம்மா," என்றார் வக்கீல். "சத்தம் கேட்டதாக ஒரு சாட்சி சொல்கிறாள். உன் புருஷன் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தான்?"

சென்னியம்மாள் மண்ணைப் பார்த்தாள். மருதாசலம் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். செல்லமுத்து, பழனியம்மாள், மணியக்காரர் எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள். சொல்லிவிடப் போகிறாள் என்று ஞானதாஸ் நினைத்தான். சொல்லிவிட மாட்டாளா என்றும், சொல்லிவிடக் கூடாதே என்றும் ஒரே நேரத்தில் நினைத்தான்.

"சும்மாக் கெடப்பாருங்க," என்றாள் அவள்.

"சும்மா என்றால்?"

"மூத்தாரு சொன்னாப்பலதானுங்க. படுத்துத் தூங்குவாரு. உள்ள சில்லுனு இருக்குமுங்க. வேலை வெட்டி ஒண்ணும் பாக்கமாட்டாரு."

"பாத்தீங்களா?" என்று மருதாசலம் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உள்ளே யாரும் கை வைக்கவில்லை என்றால் அவர் கட்சிக்கே அது பாதகம் என்பது சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் சிரிப்பு ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஞானதாஸ் எழுதினான். ‘என் புருஷன் அவ்விடத்தில் யாதொரு வேலையும் செய்ததில்லை. சும்மா படுத்திருப்பார்.’ முத்து முத்தான எழுத்து அந்த இரண்டு வரியில் மட்டும் கோணிக்கொண்டு போயிற்று. விதிப்படி அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். படித்தான். அவள் தலையாட்டினாள். மைப்பெட்டியை நீட்டினான். பெருவிரலை ஒற்றி, அந்த வரிக்குக் கீழே அழுத்தி வைத்தாள்.

"இப்போது சொல்லும். ஒரே வார்த்தை," என்றார் வக்கீல்.

ஞானதாஸ் யோசித்தான். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை என்னவென்று சொல்வது? பொய் சொன்னேன் என்றா? வாயும் கடையும் தானாய் வந்ததுதானே? நடுவைச் சொல்லாமல் விட்டது பொய்யா? சொல்லியிருந்தால் அது நியாயமா? யாருக்குத் துரோகம் செய்கிறோம், உயிரோடு இருக்கிற அண்ணனுக்கா, செத்துப்போன தம்பிக்கா?

"பொடவு சார். தானாய் உண்டானது."

"அவ்வளவுதானே? இதற்கா இத்தனை நேரம்?" என்று வக்கீல் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். மருதாசலம் ஆள் மேல் ஆள் வைத்து அப்பீல் போடுவேன் என்று கத்தினார். கத்திக்கொண்டே ஓட்டை வாய் வரைக்கும் போய்த் தலையை நுழைத்துப் பார்த்தார். தோள் மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்து விட்டார்கள்.

வண்டி பூட்டிக்கொண்டிருந்தபோது, சென்னியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஞானதாஸிடம் நீட்டினாள். அவன் தூக்கிக் குடித்தான். வக்கீல் வண்டிக்கு அந்தப் பக்கம் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்கம்மா."

"தீர்ப்பாகி, தண்ணி எனக்குன்னு ஆனப்பறம், அந்த ஒரு வரிய அழிச்சுப் போடலாமுங்களா?"

எந்த வரி என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததைக் கேட்டு என்ன? "கோர்ட்டுக்குப் போனது போனதுதாம்மா. அழிக்க முடியாது," என்றான்.

"நூறு வருசங் கழிச்சு ஆராச்சும் எடுத்துப் படிச்சாலும் அப்படியேதான் இருக்குமுங்களா? அவரு சும்மாக் கெடந்தாருன்னு?"

"இருக்கும்."

அவள் சொம்புக்காகக் கையை நீட்டியபடி நின்றாள். ஞானதாஸுக்கு அந்தக் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை. கமிஷன் குமாஸ்தா கட்சிக்காரரோடு ரகசியம் பேசக் கூடாது என்பதெல்லாம் அவனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"நான் பார்த்தேம்மா," என்றான் மெல்ல. "இடது கை அடி. ஒன்றுகூடத் தப்பாமல் பார்த்தேன். கையால் அளந்தும் பார்த்தேன். பதினோரு முழம் வெட்டியிருக்கிறார்."

சென்னியம்மாள் வெடுக்கென்று வக்கீல் இருந்த பக்கம் பார்த்தாள். அவர் குடையை விரித்துக்கொண்டிருந்தார். அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க வறண்டுகிடந்த கண் அப்போதுதான் நிறைந்தது.

"பதினொண்ணு இல்லீங்க சாமி," என்றாள், வேறு யாருக்கும் கேட்காமல். "பன்னண்டு. கடைசி மொழம் தண்ணிக்கு அடியில கெடக்குது."